கழுத்துக் கடைசல்: 11 கேஸ் வீண், தப்பு எங்கே?

மௌன இலக்கு

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், திட்டுவதாக இருந்தால் கடைசியில் திட்டுங்கள். துப்பாக்கி சாதாரண .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன், ஃபேக்டரி பேரல், சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காருகிற அறை) யாரும் கை வைத்ததில்லை. காகித இலக்குதான், பெரும்பாலும் 100 மீட்டர், எப்போதாவது 300. சொந்தமாகத் தோட்டா நிரப்ப ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது.

பிரச்சினை இதுதான். புல்லட்டைக் கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) இறக்கும்போது சிலதில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, சிலதில் பாதியில் முரண்டு பிடித்து நின்று, கைப்பிடியை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 'டக்' என்று ஒரு குதி குதித்து இறங்குகிறது. எல்லாம் ஒரே பெட்டியில் வாங்கிய 50 கேஸ். சரி, கழுத்துச் சுவரின் கனம்தான் கோளாறு (கழுத்து என்பது கேஸின் மேலே புல்லட்டைப் பிடிக்கிற ஒடுங்கிய பாகம்) என்று பால் மைக்ரோமீட்டர் (உருண்டை முனை அளவி) வாங்கி அளந்தேன். ஒரே கேஸில் ஒரு பக்கம் 14.2 தௌ, எதிர்ப்பக்கம் 15.8. (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தௌ என்றே எழுதுகிறேன், ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் போட்டு மாளாது.)

உடனே கழுத்தின் வெளிப்புறத்தைச் சீவி ஒரே கனமாக்குகிற கழுத்துக் கடைசல் கருவி ஒன்றும் வாங்கினேன். 11 கேஸ் போச்சு. மூன்றில் ஆழம் அதிகமாகித் தோளில் (கழுத்துக்குக் கீழே கேஸ் அகலமாகிற சரிவு) வெட்டு விழுந்தது, ஏழில் மேற்பரப்பு அலை அலையாக வரி விழுந்து கிடக்கிறது, ஒன்று மாண்ட்ரலில் (கழுத்துக்குள் நுழைந்து தாங்குகிற தண்டு) கவ்விக்கொண்டு கழலவே இல்லை, ரம்பம் போட்டு அறுத்துத்தான் எடுத்தேன். மீதி 39-ஐத் தொடப் பயமாக இருக்கிறது. எங்கே தப்பு?

பழைய லேத்

தம்பி, அந்தக் கவ்வின கேஸ் எத்தனையாவது கேஸ்? எனக்குத் தெரிந்து ஏழெட்டுக்கு மேல்தான் இருக்கும். முதல் கேஸ் கவ்வியிருக்காது.

பித்தளையைக் கடைந்தால் சூடு வரும், அந்தச் சூடு சுருளோடு போனது போக மீதி மாண்ட்ரலுக்குத்தான் போகும். மாண்ட்ரல் இரும்பு என்றால் சூட்டில் பருக்கும், கேஸின் உட்புறம் எண்ணெய் இல்லாமல் இருந்தால் பித்தளை அதன்மேல் அப்பிக்கொள்ளும், அப்பின இடத்தில் அடுத்த கேஸ் உரசும், அப்புறம் கவ்வும். அதே சூட்டில் வெட்டியின் (சீவுகிற கத்தி) அளவும் நகர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் முதல் கேஸுக்கு வைத்த ஆழம் பத்தாவது கேஸுக்கு இருக்காது. ஆழம் தானாக ஏறியதாக நினைத்தீர்களே, அது இதுதான். கார்பைடு மாண்ட்ரல் ஆனால் அவ்வளவு பருக்காது, அதனால்தான் அதற்குக் காசு கூட.

உட்புறம் ஒரு துளி மெழுகு தடவுங்கள், நாலு கேஸுக்கு ஒரு முறை நிறுத்துங்கள், மாண்ட்ரலைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடு தெரிந்தால் காத்திருங்கள், அவ்வளவுதான். வரி விழுவது வேகமாகத் தள்ளுவதால் வருவது. டிரில் மிஷினில் மாட்டிச் சர்ர் என்று தள்ளியிருப்பீர்கள். மெதுவாகச் சுற்றுகிற ஸ்க்ரூடிரைவர் மோட்டார் போதும், முன்னே தள்ளுவது அதைவிட மெதுவாக இருக்கட்டும், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வெட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்வி. கடைவதற்கு முன்னால் எல்லாக் கேஸையும் ஒரே நீளத்துக்கு வெட்டினீர்களா? வெட்டியின் கோணம் என்ன?

மௌன இலக்கு

அண்ணே, ஒன்பதாவது கேஸ்தான் கவ்வியது! டிரில் மிஷின்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நீளம் வெட்டவில்லை, எல்லாம் 2.015 இன்ச்சுக்குள் இருந்தது, அதனால் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். வெட்டியின் கோணம் பெட்டியில் 30 டிகிரி என்று போட்டிருக்கிறது.

பழைய லேத்

அப்படியானால் தோளில் வெட்டு விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

2.015 என்பது இருக்கலாம் என்கிற உச்ச நீளம், 'எல்லாம் ஒரே நீளம்' என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் கருவி கேஸின் வாய் மாண்ட்ரலின் அடியில் போய் முட்டுகிற இடத்தை வைத்துத்தான் வெட்டு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஒரு கேஸ் 2.006, இன்னொன்று 2.014 என்றால் குட்டையான கேஸில் வெட்டி எட்டு தௌ கூடுதலாகத் தோளுக்குள் போகும். முதலில் எல்லாவற்றையும் 2.005-க்கு வெட்டி, வாயில் உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுத்து, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

.308-க்குத் தோள் 20 டிகிரி. 30 டிகிரி வெட்டி வேறு ஜாதிக் கேஸுக்கு. மாற்றுங்கள்.

பத்து வளையம்

இரண்டு பேரும் கடைசலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் கேட்கிறேன், எதற்குக் கடைய வேண்டும்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். புல்லட் 308 தௌ. கழுத்துக் கனம் சராசரி 15, இரண்டு பக்கமும் சேர்த்து 30. நிரப்பிய தோட்டாவின் கழுத்து 338. அந்த ஜாதிக்குத் தோட்டாக் கழுத்தின் உச்ச அளவே 343.5, ஃபேக்டரி சேம்பர் அதற்கும் மேலே இருக்கும். ஆக இப்போதே ஐந்தாறு தௌ இடைவெளி. நீங்கள் ஆசைப்பட்டு 12.5-க்குக் கடைந்தால் தோட்டாக் கழுத்து 333 ஆகும், இடைவெளி பத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் கழுத்து அவ்வளவு தூரம் விரிந்து, ஒவ்வொரு முறையும் டையில் (கேஸைப் பழைய அளவுக்கு நசுக்குகிற அச்சு) அவ்வளவு தூரம் சுருங்க வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கழுத்து சீக்கிரம் இறுகிப்போய் நீளவாக்கில் வெடிக்கும். காசு செலவழித்துக் கேஸின் ஆயுளைக் குறைத்துக்கொண்டது மிச்சம்.

கழுத்தைக் கடைவது அதற்கென்றே இறுக்கமாக வெட்டிய சேம்பருக்கு. 6 பிபிசி (6 PPC) காரர்கள் செய்வது அது. பால்மிசானோ, பிண்டெல் இருவரும் 1970-களின் நடுவில் .220 ரஷ்யன் கேஸிலிருந்து உருவாக்கிய தோட்டா அது. பெஞ்ச்ரெஸ்ட்டில் (மேஜைமேல் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடுகிற துல்லியப் போட்டி) சேம்பர் கழுத்தை 262 தௌ என்று வெட்டிவிட்டு, கேஸ் கழுத்தை எட்டரை தௌ வரை கடைந்து, 243 புல்லட்டோடு சேர்த்து 260-இல் நிறுத்துவார்கள். அங்கே கடையாவிட்டால் போல்ட்டே (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கிற தாழ்) மூடாது. ஃபேக்டரி .308-இல் அதை அப்படியே காப்பியடிப்பது, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று நாமும் போட்டுக்கொள்வது மாதிரி.

பழைய லேத்

12.5 வரை போகச் சொல்லி நான் எங்கே சொன்னேன்?

மேடு மட்டும் போனால் போதும். வெட்டி கழுத்தைச் சுற்றி முக்கால் பாகத்தில் பளபளவென்று தொட்டு, மீதிக் கால் பாகத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கிற ஆழம். அவருடைய கேஸில் பதினாலரைக்குப் பக்கத்தில் வரும். இடைவெளி பெரிதாகக் கூடாது, ஆனால் 1.6 தௌ ஏற்ற இறக்கம் அரை தௌவுக்குள் அடங்கும். புல்லட் கழுத்தின் நடுவில் உட்கார அது உதவும்.

பத்து வளையம்

உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது புல்லட் ஒரு கேஸில் வழுக்குகிறது, ஒரு கேஸில் முரண்டு பிடிக்கிறது என்று. ஒரே கேஸுக்குள் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெல்லிசு என்பதால் கேஸுக்குக் கேஸ் இறுக்கம் மாறாது. நோய் ஒன்று, மருந்து வேறு.

மௌன இலக்கு, இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள். கேஸை எப்படிக் கழுவுகிறீர்கள்? டையில் கழுத்தை உள்ளிருந்து விரிக்கிற எக்ஸ்பாண்டர் உருண்டை இருக்கிறதா? 50 கேஸும் ஒரே எண்ணிக்கையில் சுட்டவையா?

மௌன இலக்கு

கழுவுவது தண்ணீர், சோப்பு, துருப்பிடிக்காத எஃகு ஊசி போட்டு உருட்டுகிற டிரம்மில், மூன்று மணி நேரம். உள்ளே வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும். எக்ஸ்பாண்டர் உருண்டை இருக்கிறது, டை வந்தபடியே.

எண்ணிக்கை... இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 50-இல் 20 கேஸ் முதலில் பழகுவதற்காகத் திரும்பத் திரும்பச் சுட்டவை, ஏழு தடவை ஆகியிருக்கும். மீதி 30 மூன்று தடவை. இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டேன்.

பத்து வளையம்

கிடைத்துவிட்டது.

சுடர்

இரண்டு காரணமும் சேர்ந்தே வந்திருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், என் வேலையே உலோகம்தான்.

கேஸ் பித்தளை என்பது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இதைச் சூடாக்காமலேயே வளைத்தாலோ நசுக்கினாலோ கடினமாகிக்கொண்டே போகும். கடினமான பித்தளைக்கு வில் குணம் கூடும். டையில் 335-க்கு நசுக்கினால் மிருதுவான கழுத்து ஏறக்குறைய அங்கேயே நிற்கும், இறுகின கழுத்து ஒரு தௌ, சில சமயம் அதற்கும் மேலே திரும்பி விரிந்துகொள்ளும். அதனால் ஏழு தடவை சுட்ட கேஸும் மூன்று தடவை சுட்ட கேஸும் ஒரே டையில் போய் வந்தாலும் ஒரே அளவில் வெளியே வராது, வந்தாலும் புல்லட்டை ஒரே பலத்தில் பிடிக்காது. எல்லாரும் 'நெக் டென்ஷன் இரண்டு தௌ' என்று சொல்கிறோமே, அது புல்லட்டுக்கும் கழுத்தின் உட்புறத்துக்கும் உள்ள வெறும் அளவு வித்தியாசம். பிடியின் பலம் அதில் இல்லை. கடினம், கனம், உட்புற வழவழப்பு, புல்லட் எவ்வளவு ஆழம் உள்ளே இருக்கிறது, இவை எல்லாம் சேர்ந்தால்தான் பலம்.

இரண்டாவது உங்கள் ஊசி டிரம். சுட்ட கேஸின் கழுத்துக்குள் மெல்லிசாக ஒரு கரிப்படலம் இருக்கும், அது இயற்கையான வழுக்கல். அதை மூன்று மணி நேரம் தேய்த்து அம்மணமாக்கிவிடுகிறீர்கள். செம்பு ஜாக்கெட் போட்ட புல்லட்டும் படலம் இல்லாத பித்தளையும் நேருக்கு நேர் உரசினால் ஒட்டிப் பிடித்து விட்டுவிட்டுத்தான் நகரும், அந்த 'டக்' அதுதான். நிரப்பி மாதக்கணக்கில் வைத்தால் இன்னும் இறுகிக்கொள்ளும். ஊசிகள் கேஸ் வாயில் மோதி மோதி விளிம்பைச் சுருட்டியும் விடும், விரல் நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள், மாட்டும்.

காற்றுக்கொடி

நகத்தை இழுத்துப் பார்த்தேன். மாட்டுகிறது. என் மூன்று வருஷப் பெருமை போச்சு, நன்றி.

மௌன இலக்கு

எனக்கும் மாட்டுகிறது. அப்போது அனீலிங் (சூடாக்கி மிருதுவாக்குவது) செய்தால் ஏழும் மூன்றும் ஒன்றாகிவிடுமா? சமையல் எரிவாயு அடுப்பில் காட்டினால் போதுமா?

சுடர்

அடுப்பில் காட்டாதீர்கள்! இதில் ஒரு விஷயம் மட்டும் விளையாட்டில்லை.

சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். கேஸின் அடிப்பாகம் கடினமாகவே இருந்தாக வேண்டும். .308-இன் அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர இன்ச்சுக்கு 62,000 பவுண்டு, அதைத் தாங்குவதில் பாதி வேலை அந்த அடிப்பாகத்தின் கடினத்துடையது. அடிப்பாகம் இளகினால் வாயு போல்ட் வழியாக முகத்தை நோக்கி வரும். அதனால் கேஸைத் தட்டில் பரப்பி அடுப்புக்குள் வைப்பது, அவனில் வைப்பது எல்லாம் கூடவே கூடாது. பிரைமர் (அடியில் தீப்பற்ற வைக்கிற கேப்) போட்ட கேஸையோ நிரப்பிய தோட்டாவையோ சுடரின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கேஸைச் சுற்றிக்கொண்டே கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் நேராகச் சுடர் படும்படி சில வினாடிகள். வெப்ப மை என்று கிடைக்கிறது, குறித்த சூட்டில் உருகும். கழுத்துக்குள் 400 டிகிரி செல்சியஸுக்கு ஒரு கோடு, தோளுக்குக் கீழே உடம்பில் 230 டிகிரிக்கு ஒரு கோடு. உள் கோடு உருகி, கீழ்க்கோடு உருகாமல் இருந்தால் சரி. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு எல்லாக் கேஸுக்கும் அதே வினாடி. இருட்டறையில் செய்பவர்கள் மங்கலாகச் சிவப்பு எட்டிப் பார்க்கிற நொடியில் எடுத்துவிடுவார்கள். பளிச்சென்று ஆரஞ்சாகச் சிவந்தால் தாண்டிப் போய்விட்டது, கழுத்து ஈயம் மாதிரி ஆகிவிடும், புல்லட்டைப் பிடிக்காது.

தண்ணீரில் போட வேண்டுமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். எஃகு மாதிரி இது தண்ணீரில் போட்டால் இறுகாது, மிருதுவாகவும் ஆகாது. சூடு கீழே இறங்குவதை நிறுத்தும், அவ்வளவுதான். அப்புறம் காய வைக்கிற வேலை.

இப்படிச் செய்தால் ஏழும் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பதத்துக்கு வரும். வந்தாலும் தனித்தனியாகவே வையுங்கள்.

காற்றுக்கொடி

அனீலிங் பற்றிப் பேச்சு வந்ததால் பாலிஷ் பற்றி ஒன்று. அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் போட்டுக் கேஸைத் தேய்க்கலாமா? என் பெட்டியில் இருப்பது அதுதான், வாசனையே மூக்கைத் துளைக்கிறது.

சுடர்

தூக்கிப் போடுங்கள். விளக்குக்கும் பாத்திரத்துக்கும் சரி, கேஸுக்கு விஷம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இந்த விஷயம் பெரிய புதிராக இருந்தது. மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்கள், மழை முடிந்து எடுத்தால் சுடாத தோட்டாவிலேயே விரிசல். பருவத்தோடு வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வருகிற அமோனியா ஒரு பக்கம், கேஸை இழுத்து நசுக்கிச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிப்போன விறைப்பு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் விரிசல். கேஸைப் பதமாகச் சூடாக்கி விறைப்பை எடுத்தால் நின்றுவிடுகிறது. ராணுவக் கேஸின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியுமே, அது அனீலிங் செய்த அடையாளம். சாதாரணக் கேஸிலும் செய்வார்கள், விற்பதற்கு முன் பெரும்பாலும் பாலிஷ் போட்டு மறைத்துவிடுவார்கள்.

புல்லட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற கழுத்து எப்போதும் விறைப்போடு இருக்கிறது. அதன்மேல் அமோனியாவைத் தடவினால் நாமே வீட்டுக்குள் குதிரை லாயம் கட்டின மாதிரி.

பழைய லேத்

குதிரை லாயம் நன்றாக இருக்கிறது, சுடர் அம்மா. பட்டறையில் நாற்பது வருஷம் பித்தளை கடைந்தவன், இது இன்றுதான் தெரிந்தது.

சரி, எக்ஸ்பாண்டர் உருண்டை விஷயத்தை யாரும் தொடவில்லை. சாதாரண டை முதலில் கழுத்தைத் தேவைக்கு மேலே நசுக்கும், அப்புறம் கேஸை வெளியே இழுக்கும்போது உருண்டை உள்ளிருந்து மேலே வந்து கழுத்தை விரிக்கும். உலர்ந்த கழுத்து என்றால் கீச்சென்று சத்தம் கேட்கும், கழுத்தையே ஒரு பக்கம் இழுத்துக் கோணலாக்கும். தோளையும் இழுத்து நீட்டும். கரி துடைத்த கழுத்தில் இது இன்னும் மோசம்.

பத்து வளையம்

ஆமாம். உருண்டையைக் கழற்றிவிட்டு புஷிங் (மாற்றிப் போடுகிற வளையம்) டை, அல்லது உருண்டையைக் கழற்றிவிட்டுத் தனியாக மாண்ட்ரல். எது நல்லது என்று இரண்டு கட்சி இருக்கிறது.

புஷிங் வெளியிலிருந்து நசுக்கும், வெளிப்பக்கம் வட்டமாக இருக்கும், கனத்தின் மேடு பள்ளம் எல்லாம் உள்ளே தள்ளப்படும், புல்லட் அந்த மேட்டில் உட்காரும். மாண்ட்ரல் உள்ளிருந்து விரிக்கும், உட்புறம் வட்டமாக இருக்கும், மேடு வெளியே போகும். கடையாத கேஸ் என்றால் என் ஓட்டு மாண்ட்ரலுக்கு. புல்லட்டைவிட இரண்டு தௌ சின்ன மாண்ட்ரல், 306. புஷிங்கால் முதலில் 334 அல்லது 335-க்கு நசுக்கி, மாண்ட்ரலை மேலிருந்து உள்ளே விட வேண்டும். மேலிருந்து தள்ளும்போது கழுத்தை உடம்பு தாங்கிக்கொள்ளும், உருண்டை மாதிரி இழுக்காது.

சுட்ட கழுத்திலிருந்து ஒரே தள்ளலில் ஐந்து தௌவுக்கு மேல் புஷிங்கால் சுருக்காதீர்கள், கழுத்து கோணும். இரண்டு புஷிங்கில் இரண்டு படியாகச் செய்யுங்கள்.

காற்றுக்கொடி

புஷிங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. புஷிங் கழுத்தின் அடிவரை போகாது, தோளுக்கு மேலே சின்ன வளையம் ஒன்று நசுங்காமல் நிற்கும். அதோடு பல தடவை சுட்ட கேஸில் தோளின் கனமான பித்தளை மெல்ல மேலே ஏறி, கழுத்தின் அடியில் உட்புறமாக ஒரு வளையம் கட்டும். டோனட் என்று சொல்வது. புல்லட்டின் முழு உடம்பு அதற்கு மேலேயே நின்றுவிட்டால் டோனட் இருப்பதே தெரியாது. நான் ஒரு நீளமான புல்லட்டுக்கு மாறினேன், அதன் உடம்பு சரியாக அந்த வளையத்தில் போய் உட்கார்ந்தது. எல்லாத் தோட்டாவும் கடைசி ஒரு மில்லிமீட்டரில் முட்டி நின்றது. டையைக் குறை சொன்னேன், புல்லட்டைக் குறை சொன்னேன், இரண்டு வாரம் போச்சு.

பழைய லேத்

அதனால்தான் கடையும்போது வெட்டியைத் தோளின் ஆரம்பத்தில் ஒரு மயிரிழை தொடவிட்டு நிறுத்துவது. அந்த இடத்தில் கனம் குறைந்தால் டோனட் கட்டுவது தள்ளிப்போகும். தொட வேண்டும், வெட்டக் கூடாது. அதிகம் போனால் தோளில் பள்ளம் விழுந்து கழுத்தே தனியாகக் கழன்று வரும். தம்பியின் அந்த மூன்று கேஸும் அப்படித்தான், தயவுசெய்து அவற்றைச் சுடாதீர்கள்.

மௌன இலக்கு

சுடவில்லை அண்ணே, ஓரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு பயமான கேள்வி. கழுத்து இடைவெளி குறைந்தால் என்ன ஆகும்? பிபிசி காரர்கள் இரண்டு தௌவில் சுடுகிறார்கள் என்று மேலே படித்ததும் தோன்றியது.

பத்து வளையம்

புல்லட் போக வேண்டுமானால் கழுத்து விரிந்து விட வேண்டும். விரிய இடமில்லை என்றால் புல்லட் பிடிபட்டு நிற்கும், பின்னால் அழுத்தம் ஏறும். எனக்கே நடந்தது. இறுக்கமான கழுத்தோடு வெட்டின சேம்பர் உள்ள ஒரு துப்பாக்கியை ஒருவரிடமிருந்து வாங்கினேன், அவர் சொல்லவில்லை, நான் பேரலில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. கடையாத கேஸ். போல்ட் மூடும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிந்தது, புது டை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் தடவை சுட்டதுமே போல்ட்டை உள்ளங்கையால் தட்டித்தான் தூக்க வேண்டியிருந்தது, பிரைமர் ஓரமெல்லாம் தட்டையாகி இறங்கிக் கிடந்தது. அன்றோடு பெட்டியைக் கட்டிவிட்டேன்.

சோதனை சுலபம். சுட்டுவிட்டு, டையில் போடாத கேஸை எடுத்து, வாயில் பிசிறோ நசுங்கலோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு புல்லட்டை விரலால் உள்ளே விடுங்கள். தானாக விழ வேண்டும். விழாவிட்டால் அடுத்த தோட்டா வேண்டாம், முதலில் அளவெடுங்கள். குறைந்தது இரண்டு தௌ இடைவெளி எனக்கு வேண்டும், தூசி விழுகிற இடமென்றால் மூன்று.

நீளமும் அதே கதைதான். கழுத்து வளர்ந்து சேம்பரின் முனையில் முட்டினால் வாய் புல்லட்டின் மேல் கவ்விக்கொள்ளும், அதே விளைவு.

மௌன இலக்கு

புல்லட் சுட்ட கேஸில் 'டிங்' என்று அடிவரை விழுகிறது. நிம்மதி.

மௌன இலக்கு

மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன். செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

39 கேஸையும் ஏழு தடவை, மூன்று தடவை என்று பிரித்தேன். (அடிப்பாகத்தில் எஜெக்டர் என்கிற, சுட்ட கேஸை வெளியே தள்ளுகிற முள் உரசின கோடுகளை எண்ணினேன், முழு நிச்சயம் இல்லை, சந்தேகமானவற்றை ஏழில் போட்டேன்.) எல்லாவற்றையும் வெப்ப மை போட்டு அனீலிங் செய்தேன், என் சுடருக்கு ஆறு வினாடி வந்தது. உருண்டையைக் கழற்றி வீசிவிட்டு புஷிங், மாண்ட்ரல் வழி. ஊசி டிரம்மை நிறுத்திவிட்டு, உலர்ந்த சோளக்கதிர்த் தூளில் ஒரு மணி நேரம் உருட்டி, கழுத்துக்குள் நைலான் பிரஷ்ஷை மூன்று தடவை விட்டு எடுத்தேன். கரிப்படலம் கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டேன். அனீலிங்கில் படலம் காய்ந்துபோன மாதிரி இருந்ததால் புல்லட் இறக்கும் முன் கிராஃபைட் தூளில் வாயை ஒரு முறை முக்கினேன்.

மூன்று தடவை சுட்டவற்றில் பத்தை மட்டும் பழைய லேத் அண்ணன் சொன்னபடி கடைந்தேன். 20 டிகிரி வெட்டி, 2.005 நீளம், மெழுகு, நாலு கேஸுக்கு ஒரு டீ. முக்கால் பாகம் பளபளப்பு, கால் பாகம் பழைய நிறம். வெட்டு விழும்போது வருகிற அந்தச் சுருள் தலைமயிர் மாதிரி மெல்லிசாக, உடையாமல் நீளமாக வந்தது. முன்னால் எனக்கு வந்ததெல்லாம் வெறும் பொடி.

இப்போது புல்லட் இறங்குவது எல்லாக் கேஸிலும் ஒரே மாதிரி. கைப்பிடியில் அந்த 'டக்' இல்லை. கடைந்தது, கடையாதது என்று கண்ணை மூடிக்கொண்டு இறக்கினால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. டயல் கேஜில் உருட்டிப் பார்த்தால் கடைந்தவற்றில் ஆட்டம் ஒரு தௌவுக்குள், கடையாதவற்றில் ஒன்றரை, இரண்டு. காகிதத்தில் இரண்டும் சேர்ந்தே விழுகிறது, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பத்து வளையம்

பத்துப் பத்துத் தோட்டாவில் தெரியாதுதான். ஐந்து குண்டுக் கூட்டம் ஒன்றைப் பார்த்து 'கடைசல் வேலை செய்கிறது' என்று எழுதுபவர்கள்தான் அதிகம், நீங்கள் அப்படி எழுதாததே பெரிய விஷயம்.

பழைய லேத்

கனம் ஏற்ற இறக்கமாக இருக்கிற கேஸ் கழுத்தோடு நிற்பதில்லை, உடம்பும் ஒரு பக்கம் மெல்லிசாகத்தான் இருக்கும். சுட்டதும் வாழைப்பழம் மாதிரி லேசாக வளையும். அதைக் கழுத்தில் கடைந்து சரிசெய்ய முடியாது. அடுத்த தடவை வாங்கும்போது முதலில் அளந்து, ஒரு தௌவுக்கு மேல் வித்தியாசம் உள்ளவற்றைப் பழகுவதற்கு ஒதுக்கிவிட்டால் பாதி வேலை மிச்சம். நான் கடைவது பிடித்துக் கடைகிறேன் தம்பி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மௌன இலக்கு

எனக்கும் பிடித்துவிட்டது அண்ணே, அதுதான் பிரச்சினை. அந்த 11 கேஸை என்ன செய்வது? பித்தளைக் கழிவில் போட்டுவிடவா?

பழைய லேத்

போடாதீர்கள். தோளில் வெட்டு விழுந்ததில் ஒன்றை எடுத்து நீளவாக்கில் பாதியாக அறுத்து அரம் போட்டு வழவழப்பாக்குங்கள், டோனட் எங்கே கட்டும் என்று கண்ணாலேயே பார்க்கலாம். வரி விழுந்தவற்றின் கழுத்தில் மார்க்கரால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பிரைமர் துளையை அடைத்துவிட்டுத் தனி டப்பாவில் வையுங்கள். அடுத்த தடவை வெட்டியின் ஆழம் வைக்கும்போது முதலில் பலி கொடுக்க ஆள் வேண்டுமே.

காற்றுக்கொடி

என்னிடம் அப்படி ஒரு டப்பா இருக்கிறது. நல்ல கேஸ் டப்பாவைவிட அதுதான் பெரிசு.